"முதுகை நிமிர்த்துடா எருமை!" இது திட்டா, பாடமா?

சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த் தங்கம் வென்றவர். அதனால் வேலூரில் பிள்ளையைப் பளுதூக்க அனுப்பும் பெற்றோருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த மாஸ்டரிடம் சேர்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். "மெடல் வாங்கித் தருவார்", "ரொம்பத் திட்டுவார்" என்ற இரண்டு பதில்தான் வரும். மெடலில் பிள்ளையின் உடல்வாகுக்கும் பங்கு உண்டு. சரி, திட்டுவதை யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

அமெரிக்காவில் எண்ணினார்கள். தார்ப், கல்லிமோர் என்ற இரு உளவியலாளர்கள் 1974-75 பருவத்தில் கூடைப்பந்து கோச் ஜான் வுடனின் பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் வகை பிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326. அதில் முக்கால்வாசி, ஆட்டம் பற்றிய தகவல். வெறும் பாராட்டும் வெறும் அதிருப்தியும் தலா 7 சதவீதத்துக்கும் கீழேதான்.

எனக்குப் பிடித்தது வேறு. திட்டிவிட்டு அதே மூச்சில் எப்படிச் செய்வது என்றும் சொல்வார் வுடன். அதைத் திட்டில் சேர்ப்பதா, தகவலில் சேர்ப்பதா? அதற்கென்றே தனி வகை வைத்தார்கள். அது சுமார் 8 சதவீதம். நம் மாஸ்டர் "முதுகை நிமிர்த்துடா எருமை!" என்று கத்துவதும் அந்த ரகம்தான். இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் ஒருவர் திட்டு என்பார், பக்கத்தில் இருப்பவர் பாடம் என்பார்.

அதனால்தான் இருவர், ஒரே பயிற்சியை, பேசிக்கொள்ளாமல் குறிக்க வேண்டும். அப்புறம் தாள்களை ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பத்து நொடிக்கு ஒருமுறை குறிக்கிறோம், மாஸ்டர் பெரும்பாலும் சும்மா நின்று பார்க்கிறார் என்று வையுங்கள். இருவரும் தூங்கிக்கொண்டே "மௌனம்" என்றே எழுதி வைத்தாலும் தாள்கள் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும்! இப்படித் தற்செயலாகப் பொருந்துவதைக் கழிக்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல் 'கப்பா' என்ற அளவைக் கொடுத்தார்.

கோச்சையே கேட்டுவிடலாமே என்பீர்கள். சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை ஸ்மித், ஸ்மோல் குழுவினர் கவனித்தபோது, கோச் தன்னைப் பற்றிச் சொன்னதைவிடப் பிள்ளைகள் சொன்னதுதான் கவனித்தவர்களின் பதிவுகளோடு அதிகம் பொருந்தியது.

காட்பாடியிலோ நேதாஜி ஸ்டேடியத்திலோ உடற்கல்வி மாணவர்கள் இருவரை, பழக்கிவிட்டு, மாஸ்டரிடம் சொல்லிவிட்டே உட்கார வைக்கலாம். பெரிய செலவில்லை. ஆள் பார்க்கிறார் என்றால் மாஸ்டர் தேனாகப் பேசுவாரே என்றால், ஆமாம், பேசுவார். அதற்குத்தான் முதல் சில நாள் குறிப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. அதற்கு மேலும் வாயைக் கட்டி வைக்க எனக்குத் தெரிந்த எந்த மாஸ்டராலும் முடியாது.