நித்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள்

போன மார்கழியில் கனடாவில், ஸ்காபுரோவில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். பெடியனுக்கு 26 வயது, எங்களுக்குத் தூரத்து உறவு. வந்திருந்தவர்கள் எல்லோரும் “ஹார்ட் அட்டாக்காம்” என்று மெதுவாகக் கதைத்துக்கொண்டார்கள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் என்னிடம் சொன்னார்: “குறட்டை கேட்டது பிள்ளை. நல்ல நித்திரை எண்டு நினைச்சு, போர்வையை இழுத்து மூடிப்போட்டு வந்தனான்.”

மாரடைப்பு இல்லை, வெளியில் வாங்கிய போதைக் குளிசைதான் என்று ஒரு மாதம் கழித்து அவரே தொலைபேசியில் சொன்னார். பேர் சொல்லாமல் எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும் என்றவரும் அவர்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் குறட்டையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மோர்பின், ஹெரோயின், ஒக்சிகோடோன், ஃபென்டனில் எல்லாம் ஓபியாய்ட் என்ற ஒரே குடும்பம். இவை வலியைக் குறைப்பதோடு, மூச்செடுக்கச் சொல்லி மூளை கொடுக்கிற கட்டளையையும் மந்தமாக்கும். அளவு மீறினால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். நாக்கும் தொண்டையும் தளர்ந்து, கொஞ்சமாகப் போய்வருகிற காற்று ‘கொர்… கொர்’ என்று சத்தம் போடும். கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது குறட்டையாகத்தான் கேட்கும். உள்ளே பிள்ளைக்குக் காற்றுப் போதாமல் இருக்கும்.

உதடு நீலமாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். எங்கள் நிறத்தில் நீலம் அவ்வளவு தெரியாது. சாம்பல் பூத்த மாதிரித்தான் இருக்கும். உதட்டின் உட்பக்கத்தையும் முரசையும் நகத்தையும் பார்க்க வேண்டும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், தோல் குளிர்ந்து பிசுபிசுக்கும். பேரைச் சொல்லிக் கத்தி, தோளைப் பிடித்து உலுக்கியும் எழும்பவில்லை என்றால், அது நித்திரை என்று நினைத்துவிட்டுப் போகக்கூடாது.

கனடாவில் 2016 தொடக்கம் 2024 முடியும் வரை 50,000 பேருக்கு மேல் இப்படி ஓபியாய்ட் அளவு மீறி இறந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட நாலில் மூன்று பேர் ஆண்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள்ளே இறந்தவர்கள். டவுன்ரவுன் தெருவோரத்தில் சுருண்டு கிடப்பவரைப் பார்த்து, இது ‘அவர்களுடைய’ பிரச்சினை என்று நாங்கள் காரை ஓட்டிக்கொண்டு போகிறோம். ஒன்ராறியோவில் 2018 முதல் 2020 வரை இப்படி இறந்தவர்களில் 13 பேருக்கு ஒருவர் கட்டட வேலை செய்தவர் என்று ஆய்வு சொல்கிறது. பாரம் தூக்கி முதுகு போனவர், வேலையை விடவும் முடியாமல் நோவுக் குளிசை எடுப்பவர். இப்படி எத்தனை அண்ணாமாரை எங்களுக்குத் தெரியும்?

இந்தப் பெடியனும் முதுகு நோவில்தான் தொடங்கியிருக்கிறான். வைத்தியர் கொடுத்தது முடிந்தபிறகு, சிநேகிதர் மூலம் வெளியில் வாங்கிய குளிசை. வெளியில் விற்பவை பார்க்க அச்சு அசல் மருந்துக்கடைக் குளிசை மாதிரியே இருக்கும். பலவற்றில் உள்ளே இருப்பது ஃபென்டனில். அது மோர்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. கள்ளமாகச் செய்கிற இடத்தில் மாவைச் சரியாகக் கலப்பது யார்? ஒரே பையிலுள்ள ஒரு குளிசை ஒன்றும் செய்யாது, அடுத்தது ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்றையும் அம்மாமாருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை பழக்கத்தில் விழுந்தது தெரிந்ததும் “ஊருக்கு அனுப்பி ஆறு மாதம் வைத்திருந்தால் சரியாகிவிடும்” என்று செய்கிறோம். இவனையும் அனுப்பினார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஐந்து மாதம் தொடாமல் இருந்தான். உடம்பு மருந்தை விட்டிருக்கிற காலத்தில் அதைத் தாங்குகிற சக்தியும் இறங்கிவிடும். திரும்பி வந்து பழைய அளவையே எடுத்தால் அந்த அளவே உயிரை எடுக்கும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான். அவன் வந்து மூன்றாவது கிழமை. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருந்த நேரம்.

தை மாதக் கடைசியில் நான் பக்கத்துப் பார்மசிக்குப் போய் நலோக்சோன் கேட்டேன். ஓபியாய்ட் அளவு மீறியவருக்கு மூச்சைத் திருப்பிக் கொண்டுவருகிற மருந்து அது. கேட்பதற்கு முன் கடைக்குள் இரண்டு தரம் சுற்றினேன், தெரிந்த தமிழ் ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்த்தேன். அந்த வெட்கம் எனக்கே இருந்தது. ஒன்ராறியோவில் பெரும்பாலான பார்மசிகளில் இது இலவசம், வைத்தியரின் சீட்டும் தேவையில்லை. மருந்தாளர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே இரண்டு, கையுறை, மூச்சுக் கொடுக்கும்போது வாயில் வைக்கிற மறைப்பு. 15 நிமிடத்தில் எல்லாம் சொல்லித் தந்தார்.

எழும்பவில்லை என்றால் உடனே 911. பிறகு ஆளை மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஸ்ப்ரேயை ஒரு மூக்குத் துவாரத்துக்குள் முழுதாக விட்டு அழுத்த வேண்டும். வேலை செய்கிறதா என்று முன்னதாக அடித்துப் பார்க்கக் கூடாது, ஒன்றில் ஒரு தடவைக்குத்தான் மருந்து இருக்கும். அதன் பிறகு சும்மா நிற்காமல் மூச்சுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும். தெரியாவிட்டால் 911இல் இருப்பவர் சொல்லித் தருவார். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு வரவில்லை என்றால் இரண்டாவது ஸ்ப்ரே. மூச்சு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, அம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருக்க வேண்டும். நலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான். அது இறங்கியபிறகு உடம்பில் மிச்சமிருக்கிற ஓபியாய்ட் மறுபடி மூச்சை நிறுத்தலாம். ஆகவே ஆள் எழும்பி இருந்துவிட்டான், இனி வைத்தியசாலை வேண்டாம் என்று விடக்கூடாது. இப்போது வேறு மயக்க மருந்துகளும் கலந்து விற்கிறார்கள், அவற்றுக்கு இது கேட்காது. மூச்சு வந்தும் ஆள் விழிக்காமல் இருக்கலாம். நாங்கள் பார்க்க வேண்டியது மூச்சைத்தான்.

தவறாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஓபியாய்ட் எடுக்காதவருக்கு அது எந்தக் கெடுதலும் செய்யாது என்றார். அதைக் கேட்டதும்தான் என் பயம் போனது.

இதைச் சொன்னபோது எங்கள் மாமா ஒருவர், “கையில் இந்த மருந்து இருந்தால் துணிந்து போதை எடுப்பாங்கள்” என்றார். அவருடைய கோபம் விளங்குகிறது, பிள்ளைகளைப் பற்றிய பயம்தான் அது. ஆனால் நலோக்சோன் கொடுத்து எழும்பியவரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாந்தி, நடுக்கம், உடம்பு முழுக்க நோவு, எழுப்பியவர் மேலேயே ஆத்திரம். அதற்காக ஒருவரும் ஆசைப்பட்டு எடுப்பதில்லை. எழும்பியவரை, ஓபியாய்ட் பழக்கத்துக்கு வைத்தியர் கொடுக்கிற மெதடோன், புப்ரெனோர்பின் சிகிச்சைக்குக் கூட்டிப்போகலாம், அது சாவைக் குறைக்கிறது என்பது நன்றாக நிரூபணமானது. அதற்கு அன்றைய இரவைத் தாண்ட வேண்டும்.

பொலிஸ் வரும் என்று பயந்து அழைக்காமல் விடுகிற சிநேகிதர்களும் இருக்கிறார்கள். 2017 மே மாதத்திலிருந்து இதற்கென்றே கனடாவில் சட்டம் இருக்கிறது. 911 அழைத்தவர் மீதோ, அங்கே கூட இருந்தவர்கள் மீதோ போதைமருந்து வைத்திருந்தார்கள் என்று குற்றம் சாட்ட முடியாது. விற்பதற்கு அது பொருந்தாது. உங்கள் வீட்டு இளசுகளிடம் இதை நேராகச் சொல்லுங்கள், அவர்கள் எடுக்கிறார்களோ இல்லையோ.

அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். “எங்கட வீட்டில இது என்னத்துக்கு?” பிறகு ஒருநாள் தானாகவே, “எப்படி அடிக்கிறது எண்டு ஒருக்காக் காட்டு” என்றார். இப்போது பெட்டி குசினி லாச்சியில், பனடோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரில் வைக்காதீர்கள், இங்கத்தைய குளிரில் உறைந்துவிடும்.

போய்க் கேட்க யாருக்காவது கூச்சமாக இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் நிற்பேன், கூடவே வருகிறேன்.