ஈராக் எண்ணெய் வயல்கள் அமெரிக்காவிடம் போனதா?

“2003 போருக்குப் பின் ஈராக்கின் எண்ணெய் வயல்கள் மொத்தமும் அமெரிக்க கம்பெனிகளுக்குப் போய்விட்டன” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு.

2009 ஜூன் ஏலத்தில் பெரிய வயலான ருமைலாவில் எண்ணெய் எடுக்க அமெரிக்காவின் எக்ஸான்மொபில் பீப்பாய்க்கு 4.80 டாலர் கூலி கேட்டது. ஈராக் 2 டாலர்தான் என்றது; எக்ஸான் விலகியது. 3.99 கேட்டிருந்த பிரிட்டனின் பிபி, சீன அரசு எண்ணெய் கம்பெனியான சிஎன்பிசியோடு (CNPC) சேர்ந்து 2 டாலருக்கே ஒப்புக்கொண்டது. அதுவும் அப்போதைய உற்பத்திக்கு மேல் கூடுதலாக எடுக்கும் எண்ணெய்க்கான கூலி மட்டுமே. எண்ணெய் ஈராக் அரசுடையது. மேற்கு குர்னா-1 என்ற வயல் எக்ஸானுக்குக் கிடைத்தது, மேற்கு குர்னா-2 ரஷ்யாவின் லுகோயிலுக்கு.

எண்ணெய்க்கும் போருக்கும் தொடர்பே இல்லை என்பதும் சரியல்ல. 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது, எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றது. ஈராக்கின் எண்ணெய் ஏற்றுமதிப் பணமும் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளையில் உள்ள கணக்கு வழியாகவே போனது. வதந்திக்கு அதுவும் தீனி.