அந்தத் தாத்தா எப்பம் செத்தாரு?

மூன்று நாளாகியும் ஆறவில்லை. பொன்னாடை என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அரங்கில் இந்த மாதம் ஞாயிறுதோறும் படம் போடுகிறார்கள். அறுபது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், அவ்வளவுதான். முதல் வாரம் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', அடுத்த வாரம் 'பதேர் பாஞ்சாலி'. 1948லும் 1955லும் வந்த படங்களை நாலு பேரோடு உட்கார்ந்து இருட்டில் பார்க்கக் கிடைக்கிறதே என்றுதான் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். முதல் வாரம் கடைசிக் காட்சியில் ஒருவர் போனில் நிலத்தகராறு பேசியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988ல் வந்த படம். ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாடுதான் கதை. பெரியப்பாவையும் கூட்டிப் போனேன். நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். ஊரில் பாதி வீடு அவர் கை பட்டது. இந்தப் படத்தை அவர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? சிமெண்ட் மூட்டை திருடும் காண்டிராக்டரைச் சித்தாள் மங்கம்மா கேள்வி கேட்கும்போது நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "சரியாக் கேட்டா பாரு" என்று என் தொடையில் ஒரு அடி.

அப்புறம் அந்தக் காட்சி. படத்துக்காக நாயகி அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, சரிதான். ஆனால் எனக்கு 'வீடு' என்றால் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர்தான். கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். வசனம் கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசை மட்டும். பூசாத சுவர்களுக்கு நடுவே ஒவ்வொரு அறையாக நடக்கிறார்...

டியூப்லைட் எரிந்தது.

சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம். ஆறு மணிக்கு வர வேண்டியவர் ஏழு இருபதுக்கு வருகிறார். அவருக்காகத் தாத்தாவை அந்த அறையிலேயே நிறுத்திவிட்டார்கள். மைக் வந்தது. வரவேற்புரை. ஒரு பொன்னாடை. போட்டோ சரியாக விழவில்லை என்று அதே பொன்னாடையைக் கழற்றி மறுபடியும் போர்த்தினார்கள். வேறொருவர் தன் பங்குக்கு இன்னொன்று. அப்புறம் அவர் பேசினார். எதைப் பற்றி? அவர் வீடு கட்டிய கதை! தேக்கு எங்கே வாங்கினார், கிரானைட் என்ன விலை, கிரகப்பிரவேசத்துக்கு யார் யார் வந்தார்கள். அவர் தலைக்குப் பின்னால் திரையில் பாகவதர் அசையாமல் நிற்கிறார். முப்பத்தைந்து நிமிடம். பேசி முடித்து, சுக்குக்காபி குடித்து, படம் பார்க்காமல் கிளம்பிவிட்டார். அவரை வழியனுப்ப ஏற்பாட்டாளர்களில் பாதிப் பேர் படியிறங்கிப் போனார்கள்.

மறுபடி படம் போட்டபோது லேப்டாப்பில் எங்கேயோ தள்ளி ஓடியது. தாத்தா செத்துப்போயிருந்தார். வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் சாய்வதுதான் படத்தின் உயிர். அது போயே போய்விட்டது. "பின்னாடி தள்ளுங்க" என்று கத்தினேன். "ஒன்பதுக்குள்ள சாவி கொடுக்கணும் சார்" என்றார் ஒருவர். பொன்னாடையை இரண்டு தடவை போர்த்த நேரம் இருந்தது. ஒரு கிழவர் நிம்மதியாகச் சாக நாலு நிமிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு 'உதிரிப்பூக்கள்'. நம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டு மகேந்திரன் 1979ல் எடுத்தது. ஐயா, உங்கள் காலில் விழுகிறேன், படம் போடுவதற்கு முன்னாலேயே எத்தனை பொன்னாடை வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்த பிறகு யார் வந்தாலும் இருட்டில் தடவி வந்து உட்காரட்டும். கலெக்டரே வந்தாலும் சரி.

திரும்பும் பஸ்ஸில் பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. வீரவநல்லூர் தாண்டியதும் கேட்டார்: "ஏய்யா, அந்தத் தாத்தா எப்பம் செத்தாரு? வீட்டைப் பாத்தாரா, பாக்கலையா?"

பார்த்தார் பெரியப்பா என்று சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தலைக்கு மேலே ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு அலறுகிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு, ஊரே அசந்து தூங்குகிற பஸ்ஸில், யாருக்காக அய்யா அந்தப் பாட்டு?