குளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள்

கலங்கின தண்ணீரைப் பார்த்ததும் எல்லார் வாயிலும் வருவது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் போடுங்க." எதைப் போடுவது, எதற்குப் போடுவது, ஏற்கெனவே போட்டதெல்லாம் எங்கே போயிற்று, ஒருத்தருக்கும் கவலை இல்லை. கீழக்கரையில் வீட்டுக்குள் நீச்சல் குளம் இருக்கிற பாவத்துக்கு நான் படுகிற பாடு இது.

"கடலை வாசலில் வைத்துக்கொண்டு குளம் எதுக்கு?" என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கடலில் போய் இறங்கிக் குளிப்பார்களா? உம்மாவும் ராத்தாவும் பிள்ளைகளும் சுற்றுச்சுவருக்குள் நிம்மதியாக இறங்கட்டும் என்று துபாயில் இருக்கும் காக்கா (என் அண்ணன்) கட்டிவிட்டார். 20க்கு 10 அடி, 4 அடி ஆழம். காசு அவருடையது, பராமரிப்பு என் தலையில்.

பெருநாளைக்குப் பிள்ளைகள் வருகிற நேரம் பார்த்துத் தண்ணீர் கழுநீர் மாதிரி ஆகிவிட்டது. பச்சையும் இல்லை, வாடையும் இல்லை, வெறும் வெள்ளைக் கலங்கல். இரண்டாவது படி கண்ணுக்குத் தெரியவில்லை. மதுரையிலிருந்து பராமரிப்புக்கு வருகிறவரைக் கூப்பிட்டேன். வந்தார், எட்டிப் பார்த்தார், "குளோரின் பத்தலை பாய்" என்றார். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து ஊற்றினார், பில்லை நீட்டினார். மறுநாள் முதல் படியும் தெரியவில்லை!

எப்படித் தெரியும்? இங்கே போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வருவதே உப்பும் சுண்ணாம்புமாகத்தான். வாளியில் பிடித்து வைத்தால் ஓரமெல்லாம் வெள்ளை படிகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு போகாது. குறைந்ததை மறுபடி அதே போர் தண்ணீரால்தான் நிரப்புகிறோம். இப்படி ஏறிக்கொண்டே போகிற சுண்ணாம்பு, பிஹெச்சும் (தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) கூடிப்போனால் கரைந்து கிடக்க முடியாமல் மாவாகப் பிரிந்து மிதக்கிறது. அந்த வெள்ளை அதுதான். பிளீச்சிங் பவுடரிலும் இருப்பது சுண்ணாம்பு, அது பிஹெச்சையும் ஏற்றிவிடும். போதாததற்கு, பிஹெச் 8ஐத் தொட்டுவிட்டால் போட்ட குளோரினில் சுமார் கால்வாசிதான் கிருமியை உருப்படியாகக் கொல்லும். ஆக, நான் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிக் குளத்தில் கொட்டச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானியா வரவேண்டும்? கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு, அதில் கொஞ்சம் வினிகர் விட்டுக் கலக்கினேன். கண் முன்னாலேயே தெளிந்துவிட்டது. பாசியோ மண்ணோ என்றால் வினிகருக்கெல்லாம் அசையாது. அடுக்களைச் சாமான் சொல்லிவிட்டதை இவர் ஏன் சொல்லவில்லை? "தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட் எங்கே?" என்று கேட்டேன். "வண்டியில இருக்கு பாய்." பஸ்ஸில் வந்து இறங்கினவருக்கு ஏது வண்டி?

அப்புறம் யோசனைக்காரர்கள் கூட்டம். மச்சான் படிகாரம் போடச் சொன்னார். சேற்றுக் கலங்கலுக்குச் சரிதான், ஆனால் அதற்கும் முறை உண்டு. மோட்டாரை நிறுத்தி ராத்திரி முழுக்க அசையாமல் விட்டு, அடியில் படிந்ததை ஃபில்டருக்குள் போகவிடாமல் வேக்குவம் வைத்து வெளியே தள்ளவேண்டும். மதுரைக்காரர் படிகாரத்தைப் போட்டுவிட்டு மோட்டாரையும் ஓடவிட்டுப் போனார். பேக்வாஷ் (ஃபில்டருக்குள் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி அழுக்கை வெளியே தள்ளுவது) பண்ணினார், ரின்ஸ் (மிச்ச அழுக்கையும் அலசி வெளியே விடுவது) பண்ணாமல் வால்வைத் திருப்பினார், ஃபில்டரில் தங்கியிருந்த அழுக்கு திரும்பக் குளத்துக்கே வந்தது. உம்மா தன் பங்குக்குத் தேற்றாங்கொட்டையை உரசிவிடச் சொன்னது. பானைக்கு அது போதும் உம்மா, இது 22,000 லிட்டருக்கு மேல், நான் எந்தக் கல்லில் உரசுவேன்?

இதில் எனக்கு ரத்தம் கொதித்தது, "மொத்தத்தையும் திறந்துவிட்டுப் புதுசா பிடிங்க" என்ற யோசனைக்குத்தான். தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைகிற மாவட்டம் இது. இங்கே நின்றுகொண்டு எப்படி வாய் வருகிறது? சரி, திறந்தே விட்டாலும் புதுசாக எது வரும்? அதே போர் தண்ணீர்!

கடைசியில் நானே டெஸ்ட் கிட் வாங்கினேன். சொட்டு விட்டதும் கருஞ்சிவப்பு, பிஹெச் எங்கேயோ ஏறிக் கிடந்தது. ஆசிடை வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து (தண்ணீரை ஆசிடில் ஊற்றிவிடாதீர்கள், முகத்தில் தெறிக்கும்), மோட்டாரை ஓடவிட்டுக் குளத்தில் சேர்த்தேன். பிஹெச் 7.4க்கு இறங்கியது. ஃபில்டரை ராப்பகலாக ஓட்டி, அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷும், மறக்காமல் ரின்ஸும் செய்தேன். அடித்தளத்து ஓடு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பிளீச்சிங் பவுடரை நிறுத்திவிட்டு இப்போது திரவக் குளோரின்தான் ஊற்றுகிறேன்.

நேற்று மதுரைக்காரர் போன் பண்ணினார். புதுசாக ஒரு கேன் வந்திருக்கிறதாம், ஊற்றினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். கிட்டோடு வந்தால் கேட்டைத் திறக்கிறேன், கேனோடு வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.