நீதிபதிகளுக்குப் பாடம் நடத்தக் காசு கொடுத்தவர்கள்

அரசியலில் பணம் என்றால் நம் கண் தேர்தல் நன்கொடையைத் தாண்டிப் போவதில்லை. எனக்கு அதைவிட அச்சம் தருவது, கருத்துகளை வளர்ப்பதற்காக அறக்கட்டளைகள் பொறுமையாகச் செலவிடும் பணம்.

அமெரிக்காவின் ஜான் எம். ஓலின் அறக்கட்டளையையே பாருங்கள். வேதிப்பொருள், துப்பாக்கித் தோட்டா வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஓலின் 1953இல் தொடங்கியது. 1969இல், அவர் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஒரு கட்டடத்தைக் கைப்பற்றி, துப்பாக்கிகளுடன் வெளியே வந்தார்கள். அந்தக் காட்சி அவரை உலுக்கிவிட்டது. தன் செல்வம் இனி தடையற்ற சந்தைக் கொள்கையைக் காக்கவே பயன்பட வேண்டும் என்று முடிவு செய்தார். 2005இல் தன்னைத் தானே மூடிக்கொள்ளும் வரை அந்த அறக்கட்டளை 37 கோடி டாலர் அளவுக்குச் செலவிட்டது.

செலவிட்ட இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஹார்வர்டு, யேல், சிகாகோ போன்ற சட்டப் பள்ளிகளில் சட்டங்களைப் பொருளாதாரக் கண் கொண்டு எடைபோடும் 'சட்டமும் பொருளாதாரமும்' என்ற துறைக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பழமைவாதம் என்று பெயர் வைத்திருந்தால் பேராசிரியர்கள் வாசலிலேயே மறித்திருப்பார்கள். இந்தத் துறை நடுநிலையாகத் தெரிந்தாலும் சந்தைப் பக்கமே சாயும் என்று, அறக்கட்டளையை நடத்திய ஜேம்ஸ் பியர்சனே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

நீதிபதிகள் கதைதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. ஹென்றி மான் என்ற சட்டப் பேராசிரியர் 1976 முதல் கூட்டாட்சி நீதிபதிகளுக்குப் பொருளாதார வகுப்புகள் நடத்தினார். நிறுவனங்களும் ஓலின் போன்ற அறக்கட்டளைகளும் செலவை ஏற்றன. பாடம் எடுத்தவர்களில் தடையற்ற சந்தையை ஆதரித்த பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் மட்டுமல்ல, மறுமுகாமின் பால் சாமுவேல்சனும் இருந்தார். ஆகவே அது வெறும் பிரசாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1990 வாக்கில் கூட்டாட்சி நீதிபதிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் அந்த வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். எலியட் ஆஷ், டேனியல் சென், சுரேஷ் நாயுடு ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தீர்ப்புகளை ஆராய்ந்து பார்த்தார்கள். வகுப்புக்குச் சென்று வந்த நீதிபதிகள், தொழிலாளர், சுற்றுச்சூழல் வழக்குகளில் அரசின் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு எதிராகக் கூடுதலாகத் தீர்ப்பளித்தார்கள். குற்றவாளிகளுக்கு நீண்ட சிறைத் தண்டனை கொடுத்தார்கள். வழக்காடிய தொழிலாளிக்கு இந்த வகுப்பைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

எதிர்ப்பக்கமும் இதைச் செய்கிறது. 2022இல் ஹியூலெட் அறக்கட்டளையும் ஒமிடியார் நெட்வொர்க்கும் தடையற்ற சந்தைக் கொள்கைக்கு மாற்றான புதிய பொருளாதாரச் சிந்தனைக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு 4 கோடி டாலருக்கு மேல் அறிவித்தன. அந்தச் சிந்தனையில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடானது. அதற்காக என் கேள்வியை நான் விட்டுவிட முடியாது. அறக்கட்டளைக்குப் போகும் பணத்துக்கு வரிவிலக்கு உண்டு. அரசுக்கு வர வேண்டிய வரியில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. எந்தக் கருத்து வளர வேண்டும் என்பதை மட்டும் நன்கொடையாளர் தனியாகத் தீர்மானிக்கிறார்.

பல்கலைக்கழகம் பணம் வாங்கட்டும். ஒப்பந்தத்தை முழுமையாக வெளியிட்டுவிட்டு வாங்கட்டும். நீதிபதிகளின் பயிற்சிக்கோ வெளிப்பணம் ஒரு டாலர்கூடக் கூடாது. அந்தச் செலவை நீதித்துறை தன் சொந்த நிதியிலிருந்தே செய்ய வேண்டும்.