பூட்டும் டிரங்குப் பெட்டியும் வாங்க யார் பணம் தருவார்கள்?

போர் நடக்கும் நாட்டில் பழைய ஏடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தால், உடனே பெரிய கட்டடத்துக்கும் மாநாட்டுக்கும் நிதி ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திம்புக்டுவில் நடந்ததைப் பாருங்கள்.

2012 ஏப்ரலில் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டின் அந்த ஊர் ஆயுதக் குழுக்களின் கையில் விழுந்தது. அங்கே வீடு வீடாக, தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. மார்க்கச் சட்டம், வானியல், மருத்துவம், வியாபாரக் கணக்கு, கடிதம் என்று எல்லாமே. பெரும்பாலும் அரபி, அரபி எழுத்திலேயே எழுதிய உள்ளூர் மொழி ஏடுகளும் உண்டு. பல ஏடுகளுக்குத் தையலே கிடையாது, தோல் உறைக்குள் உதிரித் தாள்கள்தான். அவசரத்தில் அள்ளினால் பக்கம் மாறிப்போகும். மை அரித்த தாளோ தொட்டாலே பொடியும்.

இவற்றை வெளியே கொண்டுபோக ஏற்பாடு செய்தவர் அப்துல் காதர் ஹைதரா என்ற நூலகர். ஆங்கிலம் படிக்க ஆக்ஸ்போர்டு போவதற்குக் கிடைத்த 12,000 டாலரைத்தான் முதலில் இதற்குத் திருப்பினார். அந்தக் காசில் டிரங்குப் பெட்டிகள் வாங்கினார்கள். ராத்திரியில் அடுக்கி, கழுதை வண்டியில் ஏற்றி, அப்புறம் காரிலும் நைஜர் ஆற்றுப் படகிலுமாகத் தலைநகர் பமாகோவுக்கு அனுப்பினார்கள். பெட்டியைச் சுமந்தவர்கள் ஏடு வைத்திருந்த குடும்பத்து ஆட்களும் ஓட்டுநர்களும் படகுக்காரர்களும்தான். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் போனார்கள். தீனின், அதாவது மார்க்கத்தின், பெயரைச் சொல்லி வந்தவர்களிடமிருந்து தீனின் நூல்களை ஒளித்துவைக்க வேண்டி வந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

2013 ஜனவரியில் ஓடுவதற்கு முன்னால் அந்த ஆயுதக் குழுவினர் திம்புக்டுவில் ஏடுகளைச் சேர்த்துவைக்கும் அரசு நூலகமான அகமது பாபா நிறுவனத்தில் தீ வைத்தார்கள். சுமார் 4,000 பிரதிகள் போயின. மீட்கப்பட்டவை மூன்றரை லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். சில ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. எத்தனை தப்பியது என்பதிலேயே தகராறு வரக் காரணம், முன்கூட்டியே முழுப் பட்டியல் இல்லாததுதான். காணாமல்போன ஏட்டை எந்தப் பெயர் சொல்லித் தேடுவது?

போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்தைக் காக்க 1954லேயே ஹேக் உடன்படிக்கை வந்துவிட்டது. சரி, நல்ல சட்டம். அங்கே துப்பாக்கிக்குப் பயந்து பெட்டி தூக்கியவனுக்கு அது என்ன செய்தது?

2025 ஆகஸ்டில் அகமது பாபா நிறுவனத்தின் பெட்டிகள் விமானத்தில் திம்புக்டுவுக்குத் திரும்பின. பமாகோவின் ஈரக்காற்று தாளுக்கு ஆகாது, ஆகவே திரும்பியது நல்லதுதான். ஆனால் அதே ஊர் 2023இல் முற்றுகையில் கிடந்தது. நன்கொடை தரும் நாடுகள் இப்போதே ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டியல் போடவும், அந்தப் பட்டியலின் நகலை ஊருக்கு வெளியே வைக்கவும், ஏடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பெட்டியும் பூட்டும் வண்டிச் செலவும் கொடுக்கவும் வேண்டும்.