கொக்கோடாவில் முதலில் பார்க்க வேண்டியது மூட்டைக் கணக்கு

1942-ல் நியூ கினியின் கொக்கோடா பாதையில் ஜப்பானியரை முதலில் எதிர்கொண்ட ஆஸ்திரேலியப் பிரிவு 39-ஆம் பட்டாலியன். பெரும்பாலும் இளவயது மிலிஷியாக்காரர்கள், அதாவது உள்நாட்டுக் காவலுக்கென்று வைத்திருந்த பகுதிநேரப் படையினர். வெயில் பட்டால் உருகிவிடும் 'சாக்லேட் சிப்பாய்கள்' என்று இவர்களைக் கேலி செய்தார்கள். இவர்களைப் பற்றிய பேச்செல்லாம் வீரத்திலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாதை சுமார் 96 கி.மீ. மலைச்சரிவு, சேறு, ஆறுகள். வண்டி போகாது, எல்லாம் மனித முதுகில்தான் போயாக வேண்டும். சுமைகாரர்களை நிர்வகித்த பெர்ட் கின்ஸ்லே போட்ட கணக்கு இது: ஒரு சுமைகாரர் தூக்கும் உணவை அவரே சாப்பிட்டால் 13 நாளில் தீரும். கூட ஒரு சிப்பாயும் சாப்பிட்டால் ஆறரை நாள். கொக்கோடா போய்ச் சேரவோ எட்டு நாள்! தோட்டா, மருந்து, போர்வை இன்னும் மூட்டையில் ஏறவே இல்லை.

அதனால்தான் ஆகஸ்ட் தொடக்கத்தில் மலைமேல் மியோலா என்ற வறண்ட ஏரிப்படுகையை கின்ஸ்லே கண்டுபிடித்தது அவ்வளவு முக்கியம். விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட அங்கே திறந்தவெளி இருந்தது. பாராசூட் தட்டுப்பாடு, சாக்குக்குள் சாக்கு வைத்துக் கட்டித் தள்ளினார்கள். உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும் என்ற நம்பிக்கை. நிறைய சிதறிப் போனது, காட்டுக்குள் விழுந்தது தொலைந்தது. ஆகஸ்ட் 17-ல் ஆஸ்திரேலியர்களின் தளமான போர்ட் மோர்ஸ்பியின் விமானதளத்தில் நெருக்கமாக நிறுத்தியிருந்த விமானங்களை ஜப்பானியர் குண்டு வீசி அழித்ததும் அந்த வழியும் சுருங்கியது.

அந்த நாட்களில்தான் ரால்ஃப் ஹானர், பாதையிலிருந்த இசுராவா கிராமத்தில் 39-ஆம் பட்டாலியனின் தலைமையை ஏற்றார். மண்வெட்டி இல்லாமல் பயோனெட்டாலும் தலைக்கவசத்தாலும் குழி தோண்டினார்கள். காட்டுப் பச்சைக்கு நடுவே காக்கிச் சீருடை. காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு வேறு. ஆகஸ்ட் 26-ல் தாக்குதல் தொடங்கி, 2/14-ஆம் பட்டாலியன் வந்து கைகொடுக்கும்வரை இடத்தைவிட்டு அசையவில்லை. அது வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது யார் என்பதையும் கேட்க வேண்டும். முன்னே ஆளை அனுப்பிவிட்டு, பின்னே உணவு எப்படிப் போகும் என்று பிறகு யோசித்த தலைமையகம்தான்.

பப்புவா சுமைகாரர்களை 'தேவதைகள்' என்று புகழ்வதும் எனக்குப் போதவில்லை. பலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். அளவுக்கு மீறிய சுமை, குறைந்த சாப்பாடு, போதாத போர்வை என்று அவர்களைக் கவனித்த டாக்டர் வெர்னனே பதிவு செய்திருக்கிறார். அடிபட்ட ஒருவரைத் தூக்கிவர எட்டுப் பேர் வேண்டும். அந்த எட்டுப் பேருக்கும் வழியெல்லாம் சோறு வேண்டும்.